யாரையும் உள்ளே விடாதவர்

பழைய மகாபலிபுரம் சாலையில் எந்தக் கண்ணாடிக் கட்டடத்துக்குள் நுழைந்தாலும் அவர் இருப்பார். மற்றவர்கள் ஜன்னலோர இருக்கைக்கு அடித்துக்கொள்ளும்போது, இவர் மட்டும் தூணும் சுவரும் சேரும் மூலையைக் கேட்டு வாங்கியிருப்பார். முதுகுக்குப் பின்னால் ஆள் நடமாட்டம் ஆகாது. மடிக்கணினியின் கேமராக் கண்ணில் கறுப்பு இன்சுலேஷன் டேப். கழுத்தில் தொங்கும் அடையாள அட்டை எப்போதும் திரும்பியே கிடக்கும். அதனால் பெயர் தெரியவில்லையே என்று யாரும் கவலைப்படுவதில்லை. அலுவலகம் முழுக்க அவருக்கு ஒரே பெயர்தான்: ஃபயர்வால் அண்ணா.

ஏதோ ஒரு பொறியியல் கல்லூரியில் ஈசிஇ. முடித்த கையோடு ஒரு மாடிப்படி ஏறி சிசிஎன்ஏ வகுப்பு. அங்கே படித்ததில் பாதி மறந்திருக்கலாம், ஒன்று மட்டும் ரத்தத்தில் ஊறிவிட்டது. ஃபயர்வால் விதிப்பட்டியலின் கடைசியில், யாரும் எழுதாவிட்டாலும், 'மற்ற எல்லாவற்றையும் மறு' என்று கண்ணுக்குத் தெரியாத ஒரு வரி உண்டு. அது அவர் முகத்திலும் உண்டு.

"அண்ணா, ஒரு போர்ட் ஓப்பன் பண்ணணும்."

"சோர்ஸ் ஐபி?"

"என் மெஷின்தான்ணா."

"டெஸ்டினேஷன்?"

"டெஸ்ட் சர்வர்."

"எத்தன நாளைக்கு?"

"எப்பவுமே வேணும்ணா."

அப்போதுதான் திரையிலிருந்து கண்ணை எடுத்து ஆளை ஏற இறங்கப் பார்ப்பார். "டிக்கெட் போடுப்பா." அத்தோடு பேட்டி முடிந்தது. டிக்கெட் போட்டால் மேலாளர் ஒப்புதல் கேட்கும். மேலாளர் ஒப்பினால் செக்யூரிட்டி குழு கேட்கும். எல்லாம் ஆகி வருவதற்குள் அந்த டெஸ்ட் சர்வரே ஓய்வு பெற்றிருக்கும்.

ஆனால் இதையெல்லாம் வைத்து அவரைக் கல்நெஞ்சர் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. ஊராரை வெளியே நிறுத்துவது அவருக்கு ஒரு வேலையே அல்ல. வாங்கி வைத்த ஃபயர்வால் பெட்டி, சும்மா விட்டாலே அதைச் செய்துவிடும். அவருடைய பிழைப்பு, பதைப்பு, ராத்தூக்கம் எல்லாம் வேறொன்றில் இருக்கிறது: தான் உள்ளே போவது. புது ஃபயர்வால் ஒன்று வந்து இறங்கியதும் அவர் செய்யும் முதல் வேலை எதிரியைத் தடுப்பதல்ல, தனக்கென்று ஒரு வழி போட்டுக்கொள்வது. அதற்கு மேனேஜ்மென்ட் ஆக்சஸ் என்று பெயர். கல்யாண மண்டபத்தில் சமையல்கட்டுக்குப் பின்பக்கம் ஒரு கதவு இருக்கும் இல்லையா? வாசலில் பன்னீர் தெளித்து வரவேற்கப்படுபவர்கள் யாருக்கும் அது தெரியாது. பால்காரரும் சமையல்காரரும் வந்து போவது அதன் வழியாகத்தான். அந்தக் கதவு ஒன்றே இவருடைய உலகம்.

முன்பெல்லாம் அந்தக் கதவைத் திறக்க ஒரு நீல நிறக் கேபிள் போதும். ஒரு முனையைப் பெட்டியின் கன்சோல் துளையில் செருகி, மறுமுனையை மடிக்கணினியில் மாட்டி, வேகம் 9600 என்று வைத்தால் எழுத்துகள் வரும். மடிக்கணினிகளில் சீரியல் போர்ட் ஒழிந்தபோது, ரிச்சி தெருவுக்குப் போய் யுஎஸ்பி மாற்றி ஒன்று வாங்கி வந்து சமாளித்தார். அந்த நீலக் கேபிள் இன்னும் அவர் பையில் சுருண்டு கிடக்கிறது. எடுத்து மாட்ட இடம்தான் இல்லை. ஏனென்றால் ஃபயர்வால் இப்போது பெட்டியே அல்ல. அது ஒரு கோப்பு. தரவிறக்கி, யாரோ ஒருவருடைய சர்வருக்குள் ஏற்றினால், அங்கே மெய்நிகராக ஓடும். ஃபோர்ட்டிகேட், பாலோ ஆல்டோ, ஜூனிப்பர், சிஸ்கோ என்று எல்லாக் கடைகளிலும் இந்தச் சரக்கு கிடைக்கிறது. எடை இல்லை, விசிறிச் சத்தம் இல்லை, மின்னும் விளக்கு இல்லை.

"ஃபயர்வால்னா தூக்கினா கை வலிக்கணும்" என்பது அவர் கட்சி. கை வலிக்காத ஃபயர்வாலை அவர் மனதார ஏற்றுக்கொண்டதே இல்லை. அதைவிடப் பெரிய வலி, அந்தச் சர்வர் அவருடையது அல்ல என்பது. அது மெய்நிகர் மெஷின்களைப் பார்த்துக்கொள்ளும் விஎம் குழுவுக்குச் சொந்தம். ஊருக்கெல்லாம் கதவைச் சாத்தும் மனிதர், தன் சொந்தக் கதவுக்காக இன்னொருவரிடம் டிக்கெட் போட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டிய காலம் வந்துவிட்டது. மனிதர் சற்றே இளைத்தது அதற்கப்புறம்தான்.

விஎம் குழுவில் அவருக்கென்று வாய்த்தவர் ஓர் இளைஞர். எப்போதும் சிரித்த முகம், எதையும் "ஆயிடும் ஜி" என்று சொல்லும் வாய். இவர் நான்கு நெட்வொர்க் அட்டைகள் கேட்டிருப்பார், அவரும் நான்கு கொடுத்திருப்பார். ஆனால் எந்த அட்டை எந்த வலையில் சேர்ந்திருக்கிறது என்பதில்தான் சூட்சுமம். பல மெய்நிகர் ஃபயர்வால்களில் முதல் அட்டையே மேனேஜ்மென்ட். அதைக் கொண்டுபோய் இணையம் வரும் பக்கம் இணைத்துவிட்டால், சமையல்கட்டுக் கதவு நேராகப் பஸ் ஸ்டாண்டில் திறக்கும். ஆகவே ஒவ்வொரு அட்டையின் மேக் முகவரியையும் தொலைபேசியில் ஒப்பிட்டுப் பார்ப்பது சடங்கு.

"ஜி, சொல்றேன் எழுதிக்கோங்க. ஜீரோ ஜீரோ, ஃபைவ் ஜீரோ, ஃபைவ் சிக்ஸ்..."

"அது எல்லா விஎம்வேர் மெஷினுக்கும் அதான் ப்ரோ. கடைசி ஆறு எழுத்த சொல்லுங்க."

"பி மூணு."

"பி-யா, டி-யா?"

"பி ஜி, பி. பாம்பே."

"பாம்பே மூணு. அப்புறம்?"

"ஈ நாலு."

"ஈ-ன்னா எலிஃபன்ட் ஈ-யா?"

"வேற எந்த ஈ இருக்கு ஜி?"

"டி-ய நேத்து ஈ-ன்னு சொன்னீங்கல்ல, அந்த ஈ."

பக்கத்து இருக்கைக்காரர்களுக்கு இது ஏதோ லாட்டரி முடிவு போலக் கேட்கும். கடைசியில் முதல் அட்டை மூன்றாவது வலையிலும், மூன்றாவது அட்டை யாருக்கும் தெரியாத 'விஎம் நெட்வொர்க்' என்ற பொதுக் கிடங்கிலும் சேர்ந்திருப்பது தெரியவரும். "மாத்திடறேன் ஜி, ரெண்டே நிமிஷம்." அந்த இரண்டு நிமிஷத்தில் விஎம் குழு மதியச் சாப்பாட்டுக்குப் போய்விடும்.

அட்டை சரியானதும் கன்சோல். நீலக் கேபிளுக்குப் பதிலாக, சர்வர்களையெல்லாம் ஒரே இடத்திலிருந்து ஆளும் விசென்டர் என்ற மென்பொருள் வழியாகப் பிரவுசருக்குள் ஒரு கறுப்புச் சன்னல். இதில் அவருக்குத் தீராத ஒரு வருத்தம் உண்டு: அந்தச் சன்னலில் ஒட்ட முடியாது. வெளியே காப்பி செய்ததை உள்ளே பேஸ்ட் செய்ய விடாது. அவர் தன் கையால் உருவாக்கிய இருபத்திநான்கு எழுத்துக் கடவுச்சொல்லை, பெரிய எழுத்து, சின்ன எழுத்து, இலக்கம், குறிகள் எல்லாம் கலந்ததை, விரல் விரலாகத் தட்ட வேண்டும். தட்டும்போது திரையில் எதுவும் தெரியாது. விசைப்பலகை அமைப்பு அமெரிக்க ஆங்கிலமா பிரிட்டிஷ் ஆங்கிலமா என்பதைப் பொறுத்து 'அட்' குறி இருக்க வேண்டிய இடத்தில் மேற்கோள் குறி விழும். இரண்டு முறையும் அதே தவறோடு தட்டிவிட்டால் அதுவும் பொருந்திவிடும். பிறகு உலகத்தில் ஒருவருக்கும் தெரியாத கடவுச்சொல்லோடு அந்த ஃபயர்வால் கம்பீரமாக நிற்கும். பாதுகாப்பின் உச்சம் அதுதான் என்று அவரே ஒருநாள் ஒப்புக்கொண்டார்.

இத்தனைக்கும் அந்தப் பெட்டி பிறக்கும்போது கடவுச்சொல் வெகு எளிது. ஃபோர்ட்டிகேட்டில் 'அட்மின்' என்று அடித்து, கடவுச்சொல் கேட்கும் இடத்தில் வெறுமனே என்டர் தட்டினால் கதவு திறக்கும், உடனே புதிதாக ஒன்று வை என்று கேட்கும். பிஎஃப்சென்ஸ் என்ற இன்னொரு ஃபயர்வாலில் அட்மினுக்குக் கடவுச்சொல் 'பிஎஃப்சென்ஸ்'. அடுத்தவர் பிறந்த தேதியைக் கடவுச்சொல்லாக வைத்தால் ஒரு மணி நேரம் வகுப்பெடுப்பவர், இந்த இடத்தில் மட்டும் மௌனமாக என்டரைத் தட்டிக் கடந்துவிடுவார்.

பிறகு இன்டர்ஃபேஸுக்கு ஐபி, மாஸ்க், வெளியே போக ஒரு ரூட். அப்புறம் அவர் மிகவும் மதிக்கும் அந்த ஒற்றை வரி: 'செட் அலோஆக்சஸ்', அதாவது இந்தக் கதவில் யார் யார் தட்டலாம் என்ற பட்டியல். பிங், எச்டிடிபிஎஸ், எஸ்எஸ்எச். அவ்வளவுதான். டெல்நெட் என்ற சொல்லை அவர் எதிரில் சொல்லக் கூடாது. அதில் கடவுச்சொல் அப்படியே பச்சையாகப் போகும். அவருடைய பெரிய மாமா ஒரு கல்யாணத்தில், தன் காலத்தில் டெல்நெட்டில்தான் எல்லாம் ஓடியது என்று பெருமையாகச் சொல்லிவிட்டார். அந்தக் கல்யாணத்தில் அதன்பிறகு இருவரும் ஒரே பந்தியில் உட்காரவில்லை.

ஐபி கொடுத்தாயிற்று. பிரவுசரைத் திறக்கிறார். இப்போது நடப்பதை யாரும் பார்க்கக் கூடாது என்பதற்காகத்தான் அவர் மூலை இருக்கையை வாங்கியதே என்று எனக்கு ஒரு சந்தேகம். திரை முழுக்கச் சிவப்பு முக்கோணம்: இந்த இணைப்பு பாதுகாப்பானது அல்ல, உங்கள் தகவல்களை யாரோ திருடக்கூடும். ஃபயர்வால் தனக்குத் தானே கையெழுத்துப் போட்டுக்கொண்ட சான்றிதழைக் காட்டினால் பிரவுசர் அப்படித்தான் அலறும். இதே எச்சரிக்கையை மீறி எதையோ சொடுக்கிய கணக்குப் பிரிவு அம்மாவுக்கு, போன மாதம்தான் கட்டாயப் பயிற்சி எழுதிக் கொடுத்திருந்தார். இவரோ 'அட்வான்ஸ்ட்', 'ப்ரொசீட்' என்று கண்ணிமைக்கும் நேரத்தில் சொடுக்கி உள்ளே போய்விடுவார். சில சமயம் க்ரோம் அந்தப் பொத்தானையே ஒளித்துவிடும். அதற்கும் மந்திரம் வைத்திருக்கிறார். எழுதும் பெட்டி எதுவுமே இல்லாத அந்தச் சிவப்புப் பக்கத்தைப் பார்த்தபடி, 'திஸ்இஸ்அன்சேஃப்' என்று இடைவெளி விடாமல் விசைப்பலகையில் தட்டுவார். கதவு திறந்துவிடும். க்ரோமுக்குள் உண்மையிலேயே அப்படி ஒரு வழி வைத்திருக்கிறார்கள். ஆபத்து என்று நீயே உன் வாயால் சொல்லிவிட்டால் சரி, போ என்று விட்டுவிடும்.

வீட்டிலிருந்து வேலை என்றால் வேறு கூத்து. 1996-இல் வந்த ஆர்எஃப்சி 1918 என்ற ஆவணம், உள்வீட்டு உபயோகத்துக்கு என்று மூன்று முகவரித் தொகுதிகளை ஒதுக்கி வைத்தது. அதில் கடைசித் தொகுதியின் 192.168.1.1 என்ற முகவரி மேல் உற்பத்தியாளர்களுக்கு அப்படி என்ன காதலோ. பாலோ ஆல்டோவின் மேனேஜ்மென்ட் போர்ட் பிறக்கும்போதே அதுதான். பிஎஃப்சென்ஸின் உள்பக்கமும் அதுதான். அவர் வீட்டு வைஃபை ரூட்டரும் அதுதான். விபிஎன் போட்டு, அலுவலகத்துப் புது ஃபயர்வால் என்று நினைத்து அந்த முகவரியைத் தட்டி, உள்ளே போய், 'அட, இதென்ன டிசைனை மாத்திட்டானுங்க' என்று வியந்தபடி ஏதோ ஒன்றை அணைத்தார். கூடத்தில் சீரியல் பார்த்துக்கொண்டிருந்த அம்மா, "என்னடா, படம் சுத்திக்கிட்டே நிக்குது" என்று குரல் கொடுத்தபோதுதான் எந்தக் கதவைச் சாத்தினோம் என்று புரிந்தது.

புராணம் என்றால் அவருக்கு இரண்டு. முதலாவது 2021 அக்டோபர் 4. பராமரிப்பின்போது ஓடிய ஒரு கட்டளை, ஃபேஸ்புக்கின் தரவு மையங்களை இணைக்கும் வலையையே அறுத்துவிட, சுமார் ஆறு மணி நேரம் ஃபேஸ்புக், வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம் எதுவும் இல்லை. ஊருக்கு அது செய்தி. அவருக்குச் செய்தி வேறு: இப்படி ஆனால் நுழைவதற்கென்றே தனியாக வைத்திருந்த மாற்று வழியும் சேர்ந்து விழுந்துவிட்டது. பொறியாளர்கள் நேரில் ஓட வேண்டியதாயிற்று. யாரும் எளிதில் நுழைய முடியாதபடி கட்டிய கட்டடங்களாதலால் அவர்களாலும் எளிதில் நுழைய முடியவில்லை. இதைச் சொல்லும்போது அவர் குரல் தழுதழுக்கும். இரண்டாவது, 2022 ஜூலை 8, கனடாவின் ரோஜர்ஸ். ரூட்டரில் ஒரு வடிகட்டியை எடுத்ததில் வலை முழுக்கப் படுத்தது. ஒரு கோடிக்கு மேற்பட்டவர்களுக்குப் போனும் இணையமும் இல்லை. நிர்வாக வலையும் அதே மைய வலையின் மேல்தான் ஓடியது. ஊழியர்கள் கையிலும் அதே கம்பெனியின் போன். ஒருவரை ஒருவர் கூப்பிடவே வழியில்லாமல், காரணத்தைக் கண்டுபிடிக்கச் சுமார் 14 மணி நேரம் ஆயிற்று. அன்றிலிருந்து இவர் சட்டைப்பையில் இரண்டு வெவ்வேறு கம்பெனிகளின் சிம்.

கதவு மூடிக்கொள்வது ஒரு பயம் என்றால், திறந்தே கிடப்பது இன்னொன்று. நிர்வாகப் பக்கங்களை இணையத்தில் திறந்து வைக்காதே, கண்டால் 14 நாளில் மூடு என்று அமெரிக்காவின் சைபர் பாதுகாப்பு அமைப்பான சிசா 2023 ஜூனில் தன் அரசுத் துறைகளுக்கு உத்தரவே போட்டது. அடுத்த ஆண்டு நவம்பரில் பாலோ ஆல்டோவில் ஒரு ஓட்டை வெளிவந்தது. உள்ளே வரக் கேட்கும்போதே, 'அடையாளச் சோதனை: ஆஃப்' என்ற பொருளில் ஒரு வரியைச் சேர்த்து அனுப்பினால் போதும், சோதனை இல்லாமல் உள்ளே விட்டுவிடும். "நாமளே வாசல்ல நின்னு, என்ன செக் பண்ண வேணாம்னு சொன்னா, சரிங்கன்னு விட்டுட்டான் சார்!" என்று இதை அவர் டீக்கடையில் விவரித்தபோது, பக்கத்திலிருந்த போக்குவரத்துக் காவலர் ஒருவர் மட்டும் அதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை என்பதுபோல வடையைப் பிய்த்துக்கொண்டிருந்தார்.

இவ்வளவு தெரிந்தவர் என்றால் கடைசியில் நடக்க வேண்டியது நடக்காமல் போகுமா? ஒரு சனிக்கிழமை இரவு பதினொன்று முதல் ஞாயிறு காலை நான்கு வரை, மாற்றங்கள் செய்ய ஒதுக்கிய நேரம். ஒப்புதல் படிவத்தில் 'திரும்பப் பெறும் திட்டம்' என்ற கட்டத்தில் வழக்கம்போல் 'பழைய கான்ஃபிக் ஏற்றப்படும்' என்று எழுதியாயிற்று. வேலை சின்னது: மேனேஜ்மென்ட் வலைக்குள் கண்டவரும் வராதபடி ஒரு தடை விதி. அதை வீட்டிலிருந்தே செய்தார். ஜூனிப்பரில் அவருக்குப் பிடித்த ஒரு வசதி உண்டு, 'கமிட் கன்ஃபர்ம்ட்'. மாற்றத்தைப் போட்டுவிட்டுப் பத்து நிமிஷத்துக்குள் உறுதி செய்யாவிட்டால் பெட்டியே பழையபடி மாற்றிக்கொள்ளும். தன் கிளையைத் தானே வெட்டிக்கொள்பவர்களுக்காகவே கண்டுபிடித்தது. அப்படித்தான் போட்டார். எட்டு நிமிஷம் காத்திருந்தார். சன்னல் உயிரோடு இருந்தது, தட்டிய கட்டளைக்கெல்லாம் பதில் வந்தது. எல்லாம் சரி என்று உறுதி செய்தார். காப்பி போட எழுந்தார்.

அவர் தடை விதி, அனுமதி விதிக்கு மேலே போய் உட்கார்ந்திருந்தது. ஃபயர்வால் ஏற்கெனவே பேசிக்கொண்டிருக்கும் இணைப்பைத் தொந்தரவு செய்யவில்லை. புதிதாக வருபவர்களை மட்டும் நிறுத்தியது. காப்பியோடு திரும்பியபோது மடிக்கணினி தூங்கியிருந்தது. எழுப்பியதும் அவரும் புதிதாக வருபவர் ஆகிவிட்டார்.

விஎம் இளைஞருக்குப் போன் போயிற்று.

"ப்ரோ, தூங்கிட்டீங்களா? ஃபயர்வாலோட கன்சோல் மட்டும் கொஞ்சம் ஓப்பன் பண்ணுங்க."

"இதோ ஜி... ஜி, விசென்டர் ஓப்பன் ஆகல."

"ஏன்?"

"விசென்டர் மேனேஜ்மென்ட் வலையிலதான ஜி இருக்கு. அதுக்கு உங்க ஃபயர்வால் வழியாத்தான வரணும்."

கொஞ்ச நேரம் இரண்டு பக்கமும் மூச்சுச் சத்தம் மட்டும்.

"சர்வரோட ரிமோட் கார்டு?"

"அதுவும் அதே வலைதான் ஜி. தனியா வைக்கலாம்னு போன வருஷம் நான் டிக்கெட் போட்டேன்."

"என்ன ஆச்சு?"

"நீங்க ரிஜெக்ட் பண்ணிட்டீங்க."

நள்ளிரவில் இரண்டு பைக்குகள் தரவு மையத்துக்குக் கிளம்பின. உள்ளே போனதும் அடுத்த கேள்வி. ஆறு சர்வர்களில் ஃபயர்வால் எதில் ஓடுகிறது? பளுவைப் பார்த்து மெஷின்களைத் தானாக இடம் மாற்றும் வசதியை விஎம் குழு போட்டு வைத்திருந்தது. எது எங்கே இருக்கிறது என்று சொல்லக்கூடியது விசென்டர் ஒன்றுதான். "சாயந்தரம் ரெண்டாவதுல இருந்துச்சு ஜி. இப்ப எங்க தூக்கிப் போட்டிருக்கோ." ஃபயர்வால் அண்ணா குளிரில் நடுங்கியபடி, மடிக்கணினியில் கேபிள் செருகி, ஒவ்வொரு சர்வராக உள்ளே போய்த் தேடினார். ஒவ்வொன்றும் அந்தச் சிவப்பு முக்கோணத்தைக் காட்டியது. ஒவ்வொன்றிலும் மந்திரத்தைத் தட்டினார். ஐந்தாவதில் அகப்பட்டது. இருபத்திநான்கு எழுத்துக் கடவுச்சொல், கண்ணுக்குத் தெரியாமல், விரைத்த விரல்களால். மூன்றாம் முறை ஏற்றுக்கொண்டது.

வெளியே வரும்போது காவலாளி பதிவேட்டை நீட்டினார். "சார், வந்த காரணம்னு ஒரு கட்டம் இருக்கு, எழுதாமப் போயிட்டீங்க."

"அண்ணே, ரொட்டீன் மெயின்டனன்ஸ்னு போட்டுக்குங்க."

"நீங்கதான் சார் எழுதணும். நான் எழுதக் கூடாதுன்னு உங்க ஆபீஸ்லருந்துதான் ஆர்டர்."

எழுதினார். ஞாயிறு காலை எல்லோருக்கும் மின்னஞ்சல் வந்தது: திட்டமிட்ட மாற்றம் வெற்றிகரமாக முடிந்தது, பயனாளர்களுக்குப் பாதிப்பு ஏதுமில்லை. திங்கட்கிழமை பத்து மணிக்கு விஎம் இளைஞரின் பழைய டிக்கெட்டைத் திரும்பத் திறந்து, கீழே ஒரே ஒரு வரி சேர்த்திருந்தார்: 'சோர்ஸ் ஐபி என்ன?'